மாத்திரையைப் பற்றிப் பேசுவோம், ஆளைப் பற்றி வேண்டாம்

சர்க்கரை நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் மாதம் ஒருமுறை கூடிப் பேசும் சிறிய குழு ஒன்றைப் பல வருடங்களாக நடத்திவருகிறேன். நான் மருத்துவர் இல்லை. நானும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிதான். கூட்டத்தில் யார் எப்போது பேசுவது என்று பார்ப்பதும், ஒருவர் பேசும்போது இன்னொருவர் பாய்ந்து விழாமல் பார்த்துக்கொள்வதும்தான் என் வேலை. இரண்டாவது வேலை லேசானதில்லை. கொலஸ்ட்ரால் மாத்திரை தேவையா, இன்சுலின் ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாதா, சர்க்கரையை அடியோடு குணமாக்க முடியுமா என்று பேச்சு திரும்பினால் குரல்கள் உயர்ந்துவிடும். அவரவர் பேசுவது தன் உடம்பைப் பற்றி, தன் அம்மாவின் உடம்பைப் பற்றி, தான் ஏற்கெனவே எடுத்துவிட்ட ஒரு முடிவைப் பற்றி. "நீங்க சொல்றது தப்பு" என்று ஒருவர் சொன்னால், "உங்க அம்மாவுக்கு நீங்களே கெடுதல் பண்றீங்க" என்றுதான் அது காதில் விழுகிறது.

மரியாதையாகப் பேச வேண்டும் என்பது எந்த விவாதத்துக்கும் பொருந்தும். மருத்துவ விவாதத்தில் அதற்குக் கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது. அவமானப்பட்டவர் தன் கருத்தை மாற்றிக்கொள்வதில்லை. தான் என்ன சாப்பிடுகிறோம் என்பதை வெளியே சொல்வதைத்தான் நிறுத்திக்கொள்கிறார்.

இது எங்கள் கூட்டத்திலேயே நடந்தது. நடுத்தர வயதுக்காரர் ஒருவர், ஏதோ ஒரு பொடி சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து தன் சர்க்கரை நன்றாக இறங்கிவிட்டது என்று மகிழ்ச்சியோடு சொன்னார். எதிரே இருந்தவர் நிறையப் படிப்பவர், விஷயம் தெரிந்தவர். பொடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சாப்பிடக் கூடாது என்கிற அவருடைய கருத்தும் சரிதான். ஆனால் அவர் சொன்ன விதம் இப்படி: "கொஞ்சமாவது யோசிக்க மாட்டீங்களா? உங்கள மாதிரி ஆளுங்களாலதான் மத்தவங்களும் கெட்டுப் போறாங்க." கூட்டம் அமைதியாகிவிட்டது. பொடிக்காரர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதம் வந்தபோது, "அதெல்லாம் விட்டுட்டேங்க, மாத்திரை மட்டும்தான்" என்றார். படித்தவருக்கு வெற்றி பெற்ற திருப்தி.

அவர் விடவில்லை என்பது வெகுநாள் கழித்து அவர் மனைவி மூலம்தான் தெரிந்தது. பொடி, மாத்திரை இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விடியற்காலையில் சட்டை நனையும் அளவுக்கு வியர்வை, கை நடுக்கம், சில நாள் எழுப்பினால் யார் என்றே தெரியாத குழப்பம். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவதன் அடையாளங்கள் இவை. மருத்துவரிடமும் அவர் பொடியைப் பற்றி வாய் திறக்கவில்லை. எங்களிடம் ஒருமுறை சொல்லிப் பட்டது போதும் என்று நினைத்திருப்பார். மனைவி பொடியை எடுத்துக்கொண்டு அவரையும் கூட்டிப்போய் மருத்துவரிடம் காட்டிய பிறகுதான் விவகாரம் முடிந்தது. பொடியை நிறுத்தியதும் வியர்வை நின்றது.

கலப்படப் பொடிகளில் சர்க்கரை மாத்திரையையே இடித்துக் கலப்பது உலகில் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. 2008-இல் சிங்கப்பூரில் சர்க்கரை நோயே இல்லாதவர்கள், இரத்தச் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போய், சில மாதங்களுக்குள் 150 பேர் மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். ஆண்மைக் குறைவுக்கென்று சட்டத்துக்குப் புறம்பாக விற்கப்பட்ட மருந்துகளில் கிளிபென்கிளமைடு என்கிற சர்க்கரை மருந்து கலந்திருந்ததுதான் காரணம். சேர்ந்தவர்களில் பலர் அப்படி எதையும் சாப்பிட்டதாக ஒப்புக்கொள்ளவே இல்லை. வெட்கம்தான். ஒருவர் எதைச் சாப்பிட்டார் என்பது தெரிந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். அதைச் சொல்லவிடாமல் செய்வது எதுவாக இருந்தாலும், அது சரியான கருத்திலிருந்து கிளம்பிய கோபமாகவே இருந்தாலும், நோயாளிக்குத்தான் ஆபத்து.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கூட்டத்தில் ஒரு வெள்ளைப் பலகை வைத்தோம். சச்சரவு கிளம்பினால் வாதத்தை ஒரே வாக்கியமாகப் பலகையில் எழுத வேண்டும். சொன்னவர் படித்துப் பார்த்து, "ஆமா, நான் சொன்னது இதுதான்" என்று ஒப்புக்கொண்ட பிறகே மற்றவர் பதில் சொல்லலாம். கேட்பதற்குச் சின்ன விஷயம் போல இருக்கும். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவதை விட்டுப் பலகையைப் பார்த்துப் பேச ஆரம்பிக்கிறார்கள். எழுதும்போதே பாதிச் சண்டை கரைந்துவிடுவதும் உண்டு. கோபத்தில் சொன்ன வாக்கியத்தை எழுத்தில் பார்த்ததும், "எல்லாருக்கும்னு நான் சொல்லல" என்று சொன்னவரே திருத்துவார்.

எங்கள் பலகையில் அடிக்கடி ஏறும் வாக்கியம் இது: "சர்க்கரை நோயைக் குணப்படுத்தலாம், டாக்டர்கள் மறைக்கிறார்கள்." இதில் இரண்டு வாதங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று உடம்பைப் பற்றியது. இன்னொன்று யாரோ சிலரின் நோக்கத்தைப் பற்றியது. இரண்டாவதை ஓரமாக எழுதிவைத்துவிட்டு முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்வேன். எந்த வகைச் சர்க்கரை நோய்? எத்தனை வருடமாக இருக்கிறது? குணம் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? எதைச் செய்து? எவ்வளவு காலம் நீடித்தது?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடிப் போனால் பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வு வந்து நிற்கும். ராய் டெய்லர், மைக் லீன் ஆகியோர் தலைமையில் நடந்து 2017 டிசம்பரில் வெளியானது. ஏறத்தாழ 300 பேர். எல்லாருக்கும் இரண்டாம் வகை நோய், கண்டுபிடித்து ஆறு வருடங்களுக்குள், இன்சுலின் போடாதவர்கள். ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதியினருக்குச் சர்க்கரை மாத்திரைகளை முதல் நாளே நிறுத்திவிட்டு, மூன்றிலிருந்து ஐந்து மாதம் வரை ஒரு நாளைக்கு 850 கலோரி போல மட்டும் தரும் மாற்று உணவு. பிறகு படிப்படியாக வழக்கமான சாப்பாடு. எல்லாம் மருத்துவக் கண்காணிப்பில். ஒரு வருட முடிவில் இந்த இரண்டாவது குழுவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே நோய் அடங்கியிருந்தது. வழக்கமான சிகிச்சைக் குழுவில் 4 சதவீதம். எடை 15 கிலோ அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு அடங்கியது. இரண்டாம் வருட முடிவில் 46 என்பது 36 ஆனது. ஐந்தாம் வருடத்தில் இன்னும் குறைந்தது.

இந்த எண்கள் பலகையில் ஏறியதும் இரண்டு தரப்பும் கொஞ்சம் ஏமாற்றமடைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். "முடியவே முடியாது" என்றவர் அந்த 46-ஐ விழுங்கியாக வேண்டும். "எல்லாருக்கும் முடியும்" என்றவர், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நடக்கவில்லை, நடந்தவர்களிலும் பலருக்கு நோய் திரும்பியது, காரணம் எடைக் குறைப்பு என்பதை ஏற்றாக வேண்டும். 2021-இல் பல நாட்டுச் சர்க்கரை நோய் நிபுணர்கள் கூடி ஒரு வரையறைக்கும் வந்தார்கள்: மருந்தை நிறுத்தி மூன்று மாதமாவது ஆன பிறகும், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி என்கிற இரத்தப் பரிசோதனையின் அளவு 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நோய் அடங்கியிருக்கிறது என்று சொல்லலாம். பரிசோதனையைத் தொடர வேண்டும். இந்த இடத்துக்கு வந்துவிட்டால் சண்டை போய் உண்மையான கேள்விகள் வர ஆரம்பிக்கும். "எனக்குப் பதினைந்து வருஷமா இருக்கு, எனக்கு நடக்குமா?" "இன்சுலின் போடறவங்க என்ன பண்றது?" இந்தக் கேள்விகளைக் கேட்க வைப்பதற்குத்தான் இவ்வளவு பாடும்.

எதிர்த் தரப்பு சரியாகச் சொன்னதை முதலில் வாய்விட்டு ஒப்புக்கொள்வது மிகவும் உதவுகிறது. மருத்துவர்கள் பேச்சை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று யாராவது குறைப்பட்டால் நான் மறுப்பதில்லை. மாற்றத்தான் செய்கிறார்கள். சர்க்கரையை எவ்வளவுக்கு எவ்வளவு இறக்குகிறோமோ அவ்வளவுக்கு நல்லது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அதைச் சோதிக்க அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரை வைத்து அக்கார்டு ஆய்வு நடந்தது. எச்பிஏ1சியை 6-க்குக் கீழே கொண்டுவர மருந்துகளைத் தீவிரமாகக் கொடுத்த குழுவில் 257 பேரும், மிதமாகக் கொடுத்த குழுவில் 203 பேரும் இறந்தார்கள். 2008 பிப்ரவரியில் தீவிர சிகிச்சையைப் பாதியில் நிறுத்தினார்கள். இதை நானே எடுத்துச் சொல்லும்போது, மருத்துவத்தின் மேல் கோபமாக இருப்பவர் முகத்தில் ஒரு தளர்வு தெரியும். அப்புறம், "தாங்கள் நம்பியதையே சோதித்துப் பார்த்துத் தப்பென்று தாங்களே வெளியிட்டார்களே, அந்தப் பொடி விற்பவர்கள் அப்படி எதையாவது வெளியிட்டிருக்கிறார்களா?" என்று கேட்டால் அவர் யோசிக்கிறார். எடுத்தவுடன் இதைக் கேட்டிருந்தால் சண்டைதான் வந்திருக்கும்.

ஒருவருடைய அனுபவத்தை எப்படிக் கேள்வி கேட்பது என்பதுதான் எல்லாவற்றிலும் நுட்பமானது. எங்கள் கூட்டத்துக்கு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஸ்டாட்டின் என்கிற கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து தொடைத் தசையில் வலி என்று நிறுத்திவிட்டார். இன்னொருவர், "அதெல்லாம் பிரமைம்மா, டிவியில கேட்டுட்டு வந்து சொல்றீங்க" என்றார். அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. வலியை அனுபவித்தவரிடம் வலியே இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. அதே சமயம், அந்த வலிக்குக் காரணம் மாத்திரைதானா என்பது கேட்க வேண்டிய கேள்வி. இரண்டையும் பிரித்துப் பேசினால்தான் உரையாடல் உயிரோடு இருக்கும்.

லண்டனில் நடந்து 2020-இல் வெளியான சாம்சன் ஆய்வு இதைத்தான் செய்தது. பக்கவிளைவால் ஸ்டாட்டினை நிறுத்திவிட்ட 60 பேர் அதில் சேர்ந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு வருடத்தில் நான்கு மாதம் ஸ்டாட்டின், நான்கு மாதம் அதே தோற்றத்தில் உள்ள வெற்று மாத்திரை, நான்கு மாதம் எந்த மாத்திரையும் இல்லாமல், மாறி மாறி இருந்தார்கள். எது ஸ்டாட்டின், எது வெற்று மாத்திரை என்று அவர்களுக்குத் தெரியாது. தினமும் தங்கள் அவதிக்கு நூற்றுக்கு எத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். மாத்திரை இல்லாத மாதங்களில் சராசரி 8. வெற்று மாத்திரையில் 15.4, ஸ்டாட்டினில் 16.3. அதாவது மாத்திரை சாப்பிட்டபோது அவதி உண்மையாகவே இரட்டிப்பானது. ஆனால் அதில் பெரும்பகுதி, மருந்தே இல்லாத மாத்திரையிலும் வந்தது. முடிவுகளைக் காட்டியதும் பாதிப் பேர் மறுபடி ஸ்டாட்டின் சாப்பிடத் தொடங்கினார்கள். அவர்களிடம் யாரும் "பிரமை" என்று சொல்லவில்லை. அவரவர் எழுதிய மதிப்பெண்ணை அவரவருக்கே காட்டினார்கள், அவ்வளவுதான்.

இதை அந்த ஆசிரியையிடம் சொல்லும்போது வார்த்தைகளைப் பார்த்துப் பார்த்து எடுத்தேன். "உங்க வலி நிஜம்மா. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. மாத்திரையாலதானான்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, டாக்டர்கிட்ட கேட்டுப் பாக்கலாமா?" என்றேன். "டாக்டர் கத்துவாரு" என்றார். அவர் மாத்திரையை நிறுத்தியதே மருத்துவருக்குத் தெரியாது. மறுபடி அதே கதை; எங்கேயோ ஒருவர் கடிந்து பேசியதால் இன்னொரு இடத்தில் உண்மை மறைக்கப்படுகிறது.

நோக்கத்தைப் பற்றிய சந்தேகத்துக்கு வருகிறேன், முன்பு பலகையின் ஓரத்தில் எழுதிவைத்தது. "நீங்க மருந்து கம்பெனி ஆள்" என்று என்னையே சொல்லியிருக்கிறார்கள். கோபப்படாமல் இருக்கக் காரணம் உண்டு: இலாபம் யாருக்கு என்று கேட்பது நியாயமான கேள்வி. யாராவது கேட்டால் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். எந்த நிறுவனத்திடமும் நான் பணம் வாங்கவில்லை, கூட்டத்துக்கு ஆகும் செலவை நாங்களே பங்கிட்டுக்கொள்கிறோம், இன்ன மாத்திரை நானும் சாப்பிடுகிறேன். அதே கேள்வியைப் பொடி விற்பவரிடமும் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். ஒரு தடவை கேட்டு, பதிலைக் குறித்துக்கொண்டு, வாதத்துக்குத் திரும்பிவிட வேண்டும். ஒருவர் பணம் வாங்கினார் என்பது அவர் சொன்னதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்கக் காரணமாகும். அவர் சொன்னது பொய் என்பதற்கு அது மட்டும் ஆதாரமாகாது.

இதற்கு நான் எப்போதும் எடுத்துச் சொல்வது புகையிலைச் சண்டையை. பிரிட்டன் ஆய்வாளர்களான ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1950-இல் புகைப்பழக்கத்தையும் நுரையீரல் புற்றுநோயையும் இணைத்துக் காட்டினார்கள். அதை எதிர்த்தவர்களில் ஆகப் பெரியவர் ரொனால்டு ஃபிஷர், நவீன புள்ளியியலை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். புகைக்கும் ஆசையையும் புற்றுநோயையும் சேர்த்தே தரும் ஒரு மரபுக்கூறு இருக்கலாம், அதனால் புகைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்பது அவர் வாதம். அவர் பைப் புகைப்பவர். புகையிலை நிறுவனங்களுக்கு ஆலோசகராகவும் இருந்தார். "விலைபோன ஆள்" என்று சொல்லி முடித்திருக்கலாம். அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜெரோம் கார்ன்ஃபீல்டு ஐந்து சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 1959-இல் வேறு விதமாகப் பதில் சொன்னார். புகைப்பவருக்கு ஆபத்து ஒன்பது மடங்கு என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மறைந்திருக்கும் ஒரு கூறு மட்டுமே காரணம் என்றால், அந்தக் கூறு புகைக்காதவர்களைவிடப் புகைப்பவர்களிடம் குறைந்தது ஒன்பது மடங்கு அதிகமாக இருந்தாக வேண்டும். அப்படி ஒன்றை யாராலும் காட்ட முடியவில்லை. ஃபிஷரின் வாதம் அங்கே உடைந்தது. ஃபிஷர் எப்படிப்பட்ட மனிதர் என்று பேசியிருந்தால் அவர் மானம் போயிருக்கும், வாதம் அப்படியே நின்றிருக்கும். கார்ன்ஃபீல்டு காட்டிய அந்தக் கணக்கு, இன்றும் நோய்க்காரணங்களை ஆராய்பவர்களின் கையில் கருவியாக இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான கதை இக்னாஸ் செம்மல்வைஸ் என்கிற மருத்துவருடையது. 1847-இல் வியன்னாவின் பிரசவப் பிரிவில், பிணப் பரிசோதனை செய்துவிட்டு வரும் மருத்துவர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்றார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த தாய்மார்களின் இறப்பு, ஜூனில் 2 சதவீதத்துக்கு இறங்கியது. அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனாலும் பெரும்பாலான மருத்துவர்கள் ஏற்கவில்லை. அதற்குப் பல காரணங்கள்: கிருமிகளைப் பற்றிய அறிவு அப்போது இல்லை, தன் கண்டுபிடிப்பை 1861 வரை அவர் விரிவாக எழுதி வெளியிடவும் இல்லை. கடைசியில், ஏற்க மறுத்த பேராசிரியர்களைக் கொலைகாரர்கள் என்று திட்டிப் பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். கண்ணெதிரே தாய்மார்கள் செத்துக்கொண்டிருந்தபோது அவருக்கு வந்த கோபத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கொலைகாரன் என்று அழைக்கப்பட்ட ஒருவர், அதற்குப் பிறகு கை கழுவினால் தான் கொலைகாரன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். திரும்பி வருவதற்கு வைத்திருந்த ஒரே கதவையும் அந்தச் சொல் சாத்திவிட்டது. 1865-இல் ஒரு மனநலக் காப்பகத்தில் அவர் இறந்தார்.

அதனால், கருத்தை மாற்றிக்கொள்பவர் தலை குனியாமல் மாற்றிக்கொள்ள இடம் வைத்துப் பேசுவது எங்கள் பழக்கமாகிவிட்டது. "அன்னிக்கு உங்களுக்குத் தெரிஞ்சத வச்சு நீங்க எடுத்த முடிவு சரிதான், இப்ப இந்தத் தகவல் புதுசா வந்திருக்கு" என்கிற மாதிரி. "இந்த முடிவு தப்புன்னு உங்களுக்குத் தோணணும்னா என்ன நடக்கணும்?" என்பது நான் அதிகம் கேட்கும் கேள்வி. அதை நிதானமான குரலில் கேட்க வேண்டும். கிண்டலாகக் கேட்டால் அதுவும் அடிதான். "மூணு மாசத்துல எச்பிஏ1சி குறையலன்னா விட்டுடறேன்" என்று ஒருவர் தானாகச் சொன்னால், அதைத் தேதி போட்டுப் பலகையில் எழுதிக்கொள்வோம். எச்பிஏ1சி அளப்பது இரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை; சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய நான்கு மாதம் என்பதால் மூன்று மாதம் நியாயமான காலம்தான். அதற்கு நடுவே வீட்டில் சர்க்கரை பார்த்துக்கொள்ள வேண்டும், இந்த அளவுக்கு மேலேயோ கீழேயோ போனால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுவோம்.

எல்லா வாதத்துக்கும் இரண்டு பக்கம் உண்டு என்று நான் நினைக்கவில்லை. முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள ஒரு சிறுமியை அவள் அம்மா கூட்டி வந்திருந்தார். உறவினர் ஒருவர், இன்சுலினை நிறுத்திவிட்டு வேறு வைத்தியம் பார்க்கலாம் என்று வற்புறுத்திக்கொண்டிருந்தார், நல்லெண்ணத்தோடுதான். அங்கே பலகையும் இல்லை, கேள்விகளும் இல்லை. "ஐயா, குழந்தை மேல உங்களுக்கு இருக்கற பாசம் புரியுது. ஆனா இந்தக் குழந்தைக்கு இன்சுலின ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. நிறுத்தினா சில நாள்லயே உயிருக்கு ஆபத்து வரும். இதுல நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்" என்றேன். 1922 ஜனவரியில் டொராண்டோவில் லியோனார்டு தாம்ப்சன் என்கிற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடுவதற்கு முன்பு, இந்த நோய் வந்த குழந்தைகள் பிழைத்ததில்லை என்பதையும் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை, அவரை எந்தப் பெயர் சொல்லியும் அழைக்கவில்லை, சொன்னதில் ஒரு சொல்லையும் குறைக்கவும் இல்லை. அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். போகட்டும். அந்த அம்மா அடுத்த மாதமும் வந்தார், குழந்தை இன்சுலினில்தான் இருந்தாள்.

அறையில் உட்கார்ந்து கேட்பவர்களை மறக்கக் கூடாது. பொடி விற்பவரே வந்து உட்கார்ந்தால் அவர் மனம் மாறும் என்று எதிர்பார்ப்பதில்லை. வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கும் மூலையிலிருப்பவர்களுக்காகத்தான் அப்போது பேசுகிறேன். நான் விற்பவரைத் திட்டினால், அதே பொடியை வீட்டில் வைத்திருக்கும் மூன்றாவது வரிசைக்காரர் தன்னைத் திட்டியதாகவே எடுத்துக்கொள்வார். அந்த மூன்றாவது வரிசைக்காரர்தான் எனக்கு முக்கியம்.

சில வாதங்களில் உண்மையைப் பற்றிக் கருத்து வேறுபாடே இருக்காது. எதைப் பெரிதாக நினைக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. மார்பகப் புற்றுநோய்க்கான மேமோகிராம் பரிசோதனையை பிரிட்டனில் ஒரு தனிக் குழு ஆராய்ந்து 2012-இல் அறிக்கை தந்தது. 50 வயதிலிருந்து 20 வருடம் இந்தப் பரிசோதனைக்கு அழைக்கப்படும் 10,000 பெண்களில் 43 பேரின் மரணம் தவிர்க்கப்படும். 129 பேருக்கு, தெரியாமலே போயிருந்தால் வாழ்நாளில் தொந்தரவே தந்திருக்காத புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டுச் சிகிச்சை நடக்கும் என்பது அவர்கள் கணிப்பு. அந்த 43-க்காகவே போவேன் என்று ஒரு பெண் சொல்லலாம். அந்த 129-ஐ நினைத்து இன்னொருவர் தயங்கலாம். இருவருமே எண்களைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள். முன்னவரைப் பயந்தவர் என்றும் பின்னவரை அலட்சியக்காரர் என்றும் சொல்வது எண்களைப் படிக்காதவர் செய்யும் வேலை.

வாதிடவே கூடாத நேரமும் உண்டு. வீட்டில் ஒருவர் கடைசிக் கட்டத்தில் இருக்கும்போது, அவருக்குக் கெடுதல் செய்யாத எதையோ நம்பிக்கையோடு கொடுத்துக்கொண்டிருப்பவரிடம் ஆய்வு முடிவுகளை எடுத்து நீட்ட நான் போவதில்லை. மருத்துவரிடம் சொல்லிவிட்டீர்களா, வலி மருந்து நிற்காமல் கிடைக்கிறதா என்று மட்டும் கேட்பேன். கோபம் வந்துவிட்ட நாளிலும் பேசுவதில்லை. "இதை அடுத்த மாசம் எடுத்துக்கலாம்" என்று தள்ளிவைத்த எந்த விவாதமும் கெட்டுப்போனதில்லை.

அந்த ஆசிரியையின் விஷயம் இன்னும் முடியவில்லை. பிரமை என்று சொன்னவர் அடுத்த கூட்டத்தில், "வலி இல்லன்னு நான் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றார். ஸ்டாட்டின் வேண்டும் என்கிற கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆசிரியை மருத்துவரிடம் போய், தான் நிறுத்திவிட்டதைச் சொன்னார். மருத்துவர் கத்தவில்லை. சில இரத்தப் பரிசோதனைகள் பார்த்துவிட்டு, குறைந்த அளவில் வேறொரு ஸ்டாட்டினை எழுதிக்கொடுத்து, தினமும் வலிக்கு மதிப்பெண் போட்டு வரச் சொன்னார். இப்போது அந்த அம்மா ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் போனால் மாத்திரைதான் காரணம் என்று ஏற்றுக்கொள்வது என்பதில் ஆசிரியைக்கும் பிரமை என்று சொன்னவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆசிரியை ஐந்து என்கிறார், மற்றவர் ஏழு என்கிறார். போன கூட்டத்தில் அதைப் பற்றித்தான் முக்கால் மணி நேரம் பேசினார்கள்.